நிழலூரில் செத்தவர்கள்

வெள்ளம் வருமுன் அணை போடு என்று பள்ளிக்கூடச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிவைப்பார்கள். போட்டுவிட்டுப் போய் அரசாங்கத்திடம் செலவுக் காசைக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சுவரின் மறுபக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

சங்குமுனை மாநகராட்சியின் மேயர் ஜெசிந்தா மச்சாது அந்த மறுபக்கத்தைத்தான் சில வருடங்களாகப் படித்துக்கொண்டிருந்தாள். மேயரைப் போய் 'அவள்' என்கிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பதவிக்கு வருவதற்கு முன்னால் மீன்பிடித் துறைமுகத்து ஏலக்கூடத்தில் நின்று தொண்டை கிழிய ஏலம் விட்டவள். 'அவர்' என்றால் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

கதை இவ்வளவுதான். கடல் வருடா வருடம் ஏறிக்கொண்டே வந்தது. மதில் வேண்டும் என்று சங்குமுனை கேட்டது. பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பரிசீலனை முடிவதற்குள் கடல் முடித்துவிடும் போலிருந்ததால், ஜெசிந்தா துறைமுகத்தை ஒரு நிதி நிறுவனத்திடம் அடமானம் வைத்துக் கடல்மதிலைக் கட்டினாள். அடுத்த ஐப்பசியிலேயே அப்படி ஒரு புயல் வந்தது. மதில் நின்றது. ஊருக்குள் ஒரு வீட்டு வாசல்கூட நனையவில்லை. சரி, இனி செலவைத் திருப்பிக் கொடுங்கள் என்று போனால், "ஒரு வீடும் நனையலையே, அப்புறம் எதுக்குப் பணம்?" என்றார்கள்!

பணம் வராவிட்டால் துறைமுகம் நிதி நிறுவனத்துக்குப் போய்விடும். வாயிலில் கேட் போட்டுவிடுவான். படகுக்காரன் கடலுக்குப் போக அவனிடம் சீட்டு வாங்க வேண்டும். அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள் ஜெசிந்தா. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் தலைநகரத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மீனவர் பிரதிநிதியாகத் தன் தம்பி கஸ்பாரைக் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளப் பாதுகாப்பு ஆணையர் ரகோத்தமன் இருவரையும் எழுந்து நின்று வரவேற்றார். நரைத்த மனிதர், மரியாதை தெரிந்தவர். அவருடைய அறையில் ஒரு பெரிய மேசை. அந்த மேசைமேல் சங்குமுனை கிடந்தது. கோயில் கோபுரம், மாதா கோயில், பஸ் ஸ்டாண்டு, மீன் மார்க்கெட், எல்லாம் வெளிச்சத்தால் செய்தது போல உள்ளங்கை அளவில். தெருக்களில் பொட்டுப் பொட்டாக ஜனங்கள் நடமாடினார்கள்.

"இதுக்கு நிழலூர்னு பேர்," என்றார் ரகோத்தமன். "இது வெறும் படம் இல்லைங்க. உங்க ஊரில ஒவ்வொருத்தருக்கும் இதுக்குள்ள ஒரு நிழல் இருக்கு. ஃபோன், தெருக் கேமரா, படகுல இருக்கிற சிக்னல் கருவி எல்லாத்தையும் வருஷக்கணக்கா கவனிச்சு, எந்த ஆள் எந்தச் சமயத்துல என்ன செய்வார்னு கத்துக்கிட்டிருக்கு. இப்போ மதிலை மட்டும் எடுத்துட்டு, அதே புயலை உள்ளே விடுவோம். ஒரு உயிர் போனாக்கூட மதில் அவசியம்னு அர்த்தம். முழுச் செலவும் திரும்பக் கிடைக்கும்."

"போகலைன்னா?" என்றாள் ஜெசிந்தா.

"அவசியமில்லாத செலவுன்னு அர்த்தம்."

கஸ்பார் மேசைமேல் குனிந்து காதைக் கொடுத்தான். "சத்தம் ஒண்ணும் கேக்கலையே சார்?"

"பேச்சைச் சேர்க்கலைங்க. நடத்தை மட்டும்தான். பேச்சைச் சேர்த்தா பொய்யும் சேர்ந்துடும்."

மதில் மறைந்தது. கடல் உள்ளே வந்தது. ஜெசிந்தா தன் தெருவைத்தான் முதலில் தேடினாள். அதற்குள் அது இல்லாமல் போயிருந்தது. பொட்டுகள் மாடிகளில் ஏறி அடைந்தன. ஐயோ, அந்தோணியார் தெருவில் மாடி வீடே கிடையாதே என்று அவள் பதறுவதற்குள், துறைமுகப் பக்கமிருந்து படகுகள் வந்தன. ஒன்று, பின்னால் நாலு, அப்புறம் துறைமுகத்தில் இருந்த அத்தனையும். பஜார் வழியாக, கோர்ட்டு வழியாக, பஸ் ஸ்டாண்டின் கூரைக்கு மேலேயே வந்தன. அவர்களை யாரும் கூப்பிடவில்லை. சங்குமுனைக்காரனைக் கூப்பிட வேண்டியதில்லை. தண்ணீரில் ஆள் தவிக்கிறது என்று தெரிந்தால் அவன் கை தானாகப் படகைத் தள்ளும். அது அந்தக் கரையின் வழக்கம்.

மின்வாரிய ஆபீஸ் முக்கில் ஒரு நீலப் படகு தடுமாறியது. கஸ்பார் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அது நம்ம போட்டுல்லா? ஏல, அலையைப் பக்கவாட்டுல வாங்காதல! மூக்கைத் திருப்பு, மூக்கைத் திருப்புல மடையா!"

நீலப் படகு கவிழ்ந்தது. ஒரு பொட்டு தண்ணீருக்குள் போனது, வெளியே வரவில்லை.

"செத்துட்டேனா?" என்றான் கஸ்பார்.

"ஆமாங்க," என்றார் ரகோத்தமன், தன் முன்னால் இருந்த டம்ளரைப் பார்த்தபடி.

புயல் ஓய்ந்தது. மேசையின் ஓரத்தில் முடிவு எழுந்தது. உயிர்ச்சேதம்: இல்லை.

"என்னது இல்லையா? செத்தவன் இங்க குத்துக்கல்லா நிக்கேனே!"

"படகுல போனவங்க கணக்குல வரமாட்டாங்க," என்றார் ரகோத்தமன். சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கியது. "அவங்க தன்னார்வலர்கள். விருப்பப்பட்டு ஆபத்துல இறங்கினவங்க. விதி அப்படி. அவங்களைத் தவிர ஊர்ல ஒருத்தரும் சாகலை. உங்க ஆட்கள் எல்லாரையும் தூக்கிட்டாங்க."

ஜெசிந்தாவுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "அப்போ நீங்க சொல்லுதது என்ன? சாகதுக்கு எங்க ஊர்ல ஆள் இருக்கு, அதுவும் காசு வாங்காம சாவான், மதில் எதுக்குடி உனக்குன்னு கேக்குதீங்க. அதானே?"

"நான் கேட்கலை மேடம். விதி கேட்குது."

"விதிக்கு அக்கா தங்கச்சி கிடையாதோ?"

ரகோத்தமன் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கதவுவரை கூடவே வந்தவர், தயங்கி ஒரு வழி சொன்னார். "உங்க மீனவர்கள் கேமரா முன்னாடி சத்தியம் செஞ்சு கொடுத்தா அதையும் நிழலூருக்குள்ள சேர்க்க முடியும். வெள்ளம் வந்தா நாங்களா படகை இறக்க மாட்டோம், அதிகாரி உத்தரவு இல்லாம போக மாட்டோம்னு. அப்புறம் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். படகு வராம ஊருக்குள்ள யாராவது செத்தா அது கணக்குல வரும்."

அந்தச் சத்தியத்தைக் கேட்கத்தான் ஜெசிந்தா ஏலக்கூடத்தில் கூட்டம் போட்டாள். சாயங்காலம் ஊரே கூடியிருந்தபோது, கஸ்பாரின் நீலப் படகு மட்டும் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் என்றால் அவனுக்கு எட்டிக்காய். ஜெசிந்தா பக்கத்தில் நின்றவரின் தோளிலிருந்து துண்டை உருவி, தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றினாள். நீலப் படகு முனகிக்கொண்டே திரும்பியது. இஞ்சின் சத்தத்தில் குரல் எடுபடாத அந்தக் கரையில், எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் திரும்பக் கூப்பிடுவார்கள்.

விஷயத்தைச் சொல்லி முடித்தாள். ஊர்க் கமிட்டித் தலைவர் தொம்மைதான் முதலில் எழுந்தார்.

"யம்மா ஜெசிந்தா. தண்ணியில ஆள் தவிக்கும்போது வரமாட்டேன்னு, மாதா கெபி முன்னாடி, அணியத்தைத் தொட்டுச் சொல்லச் சொல்லுதியா?"

கெபி என்றால் மாதா சிலை இருக்கும் குகைபோன்ற சிறு கோயில், அணியம் என்றால் படகின் முன்மூக்கு. அந்த ஊரில் அதைத் தொட்டுச் சொன்ன வார்த்தையை மீறியவனோடு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள்.

"சொல்லச் சொல்லுதேன் அண்ணே," என்றாள் ஜெசிந்தா. "எனக்கு மட்டும் இனிக்குதா? நாக்கு கூசுது. ஆனா துறைமுகம் போச்சுன்னா தொடுறதுக்கு அணியமே இருக்காது."

"நிழல்தானே?" என்றான் கஸ்பார். "பொம்மைக் கல்யாணத்துக்கு யாரும் மொய் எழுதுவாங்களா? சொல்லிட்டுப் போவோம்."

"நீ சொல்லிருவ. நாளைக்கு நெசமாவே தண்ணி வந்தா?"

"வராது அண்ணே," என்றாள் ஜெசிந்தா. "மதில் இருக்கு."

தொம்மை கடலைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார். பிறகு நடந்து போய்த் தன் படகின் அணியத்தில் கையை வைத்தார். ஆணையம் அனுப்பியிருந்த கேமரா அவரை வாங்கிக்கொண்டது. பின்னாலேயே ஒவ்வொருவராக வந்தார்கள். சொல்லிவிட்டுப் போனவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு பையலைக் கண்டித்தால் சரியாகிவிடும். ஒரு ஊரே தலைகுனிந்தால் என்ன செய்வது? அன்றைக்கு ஏலக்கூடத்தில் மீன் விலைகூட யாரும் பேசவில்லை.

இரண்டாவது தடவை அக்காளும் தம்பியும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தபோது, ரகோத்தமன் எதுவும் விளக்கவில்லை. மதிலை எடுத்தார், கடலை விட்டார்.

தண்ணீர் முன்பு வந்த வழியே வந்தது. பொட்டுகள் மாடி ஏறின. அந்தோணியார் தெருவில் கூரைமேல் ஏறி ஒண்டின. துறைமுகத்தில், படகுகளுக்குப் பக்கத்தில், ஆண்கள் வரிசையாக நின்றார்கள். நின்றார்கள், அவ்வளவுதான். ஒருவரும் அசையவில்லை.

இன்னும் கொஞ்சம், என்று ஜெசிந்தா உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள். மாதாவே, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நிக்க வையி. நாலு நிழல் போனால் துறைமுகம் பிழைத்துவிடும். இப்படிச் சாவை வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. சீ, என்ன பிழைப்பு இது என்று தன்னையே வைதாள்.

அப்போது தொம்மையின் நிழல் படகின் அணியத்தில் கையை வைத்தது. மற்ற நிழல்களும் படகுப் பக்கம் திரும்பின. அதே சமயம் மாநகராட்சிக் கட்டடத்திலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெண் விழுந்தடித்து ஓடி வந்தாள். கரைக்கு வந்தவள், யாரோ ஒருவர் தோளிலிருந்து துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றினாள். சுழற்றிய வேகத்தில் கீழே விழுந்தாள். எழுந்து மறுபடியும் சுழற்றினாள். படகுகள் இறங்கின. ஒன்று, பின்னால் நாலு, அப்புறம் அத்தனையும்.

ரகோத்தமன் கையை உயர்த்தி எல்லாவற்றையும் நிறுத்தினார், கரையை மட்டும் பெரிதாக்கினார். அலை அலையாகவே நின்றது.

"இந்த அம்மா யாரு?"

"நான்தான்," என்றாள் ஜெசிந்தா.

"அதிகாரி உத்தரவு இல்லாம போக மாட்டோம்னு சத்தியம் செஞ்சிருக்காங்க. நீங்க வந்து துண்டைச் சுத்தறீங்க, உடனே போறாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், நீங்க அவங்களைப் போகச் சொல்றீங்களா?"

கஸ்பார் வாயைத் திறந்தான். ஜெசிந்தா அவன் பாதத்தின்மேல் தன் செருப்பை வைத்து அழுத்தினாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவள் மேசையையே பார்த்தாள். விரல் நுனி உயரத்தில் ஒருத்தி, துண்டு தலைக்கு மேல் நிற்க, வாயைப் பிளந்து என்னவோ கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் படகுகளின் முதுகு. ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

"ஆமா," என்றாள். "நான்தான் போகச் சொல்லுதேன். மேயர் உத்தரவு."

"யோசிச்சுச் சொல்லுங்க. உத்தரவுன்னா அவங்க தன்னார்வலர் இல்லை, அரசுப் பணியில இருக்கிறவங்க. சாகிறவங்க கணக்குல வருவாங்க, பணமும் வரும். ஆனா ஆபத்து தெரிஞ்சே ஆட்களை அனுப்பினது நீங்கன்னு பதிவாகும். பதவி போகும். இனிமே தேர்தல்ல நிக்க முடியாது." அவர் கஸ்பாரை ஒரு தரம் பார்த்தார். "சொந்தத் தம்பியையும் சேர்த்து அனுப்பினீங்கன்னு இருக்கும்."

"பதவி போனா எனக்கு ஏலம் விடத் தெரியும். எழுதுங்க."

"மேடம்..."

"எழுதுங்க சார்! போன தடவை எங்க ஆள் செத்தான், உங்க இயந்திரம் 'இல்லை'ன்னு எழுதிச்சு. நாங்க அதைப் பார்த்துக்கிட்டு பஸ் ஏறி ஊருக்குப் போனோம். இந்தத் தடவை அப்படிப் போக மாட்டேன். இதை ஓட்டி முடிங்க. யார் யார் சாகுதானோ அவன் பேரைத் தகப்பன் பேரோட எழுதுங்க. 'மீனவர் சிலர்'னு எழுதினா இந்த இடத்தை விட்டு எழும்ப மாட்டேன். போலீசைக் கூப்பிடுங்க, பட்டாளத்தைக் கூப்பிடுங்க, எழும்ப மாட்டேன்."

"அவங்கெல்லாம் உயிரோடதானே இருக்காங்க?"

"இருக்காங்க. மதில் இருக்கதால இருக்காங்க."

ரகோத்தமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கையை இறக்கினார். கடல் மறுபடியும் அசைந்தது. தொம்மையின் படகும் இன்னும் சில படகுகளும் கவிழ்ந்தன. மின்வாரிய ஆபீஸ் முக்கில் நீலப் படகும் கவிழ்ந்தது.

"இந்தத் தடவையும் மூக்கைத் திருப்பலையே, சவத்துப்பய," என்று கஸ்பார் முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

ஆணையர் ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதினார். ஜெசிந்தா தகப்பன் பெயரோடு சொன்னாள். தம்பியின் பெயர் வந்தபோது, "கஸ்பார் மச்சாது, தகப்பன் பெயர் சவரிமுத்து மச்சாது" என்று குரல் பிசகாமல் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவில் கையெழுத்துப் போட்ட பிறகும் ரகோத்தமன் மேசையை அணைக்கவில்லை. பின்னோக்கி ஓட்டி, அந்தத் துண்டு சுழலும் இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தாரோ, அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு விளக்கை அணைத்தார்.

ஊருக்குத் திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"யக்கா."

"என்னல?"

"கரையில நின்னு துண்டைத் தலைக்குமேல சுத்துனா..."

"திரும்பி வான்னு அர்த்தம். எனக்குப் பாடம் எடுக்கியா?"

"நீ எங்களைப் போகச் சொல்லல. போகாதீங்கன்னு சுத்திருக்க."

ஜெசிந்தா டம்ளரை டப்பென்று வைத்தாள். அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு இன்னொன்று. "விழுந்து எழும்பிச் சுத்துறேன், ஒருத்தன், ஒரே ஒருத்தன் திரும்பிப் பார்த்தானால? நிழலாப் போனாலும் என் பேச்சைக் கேக்கக் கூடாதுன்னு இருக்கியளா? அணியத்தைத் தொட்டுச் சத்தியம் வேற! தூ!" சொல்லிக்கொண்டே அழுதாள். டீக்கடைக்காரர் கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டார்.

கஸ்பார் அடி வாங்கிய தோளைத் தடவினான். "நீ கூப்பிடலன்னாலும் போவோம். கூப்பிட்டாலும் போவோம். போகாதன்னாலும் போவோம். இதை அந்த ஆளுகிட்ட நேரா சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா 'தன்னார்வலர்'னு எழுதிருவான்."

"அது சரி." அவன் டீயைக் குடித்தான். "பேச்சைச் சேர்த்தா பொய்யும் சேர்ந்துடும்னாரு பெரியவரு. நீ பேச்சே இல்லாமப் பொய்யைச் சேர்த்துட்டியே யக்கா!"

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன டீயைக் குடித்தாள்.

மழைக்காலத்துக்கு முன்னாலேயே பணம் வந்தது. துறைமுகம் மீண்டது. உத்தரவும் வந்தது. அதில் ஜெசிந்தாவை மேயர் பதவியிலிருந்து நீக்கியிருந்தார்கள். மேயராக அவள் செய்த கடைசி வேலை, அந்த உத்தரவை ஏலக்கூடத்தில் நின்று ஊருக்கு வாசித்தது. ஏலம் விடுகிற அதே குரலில் வாசித்தாள்.

"மேற்படி மேயரின் உத்தரவின் பேரில் படகை இறக்கி..." என்ற இடம் வந்ததும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. துண்டு சுழன்ற கதையைக் கஸ்பார் ஏற்கெனவே ஊரெல்லாம் பரப்பியிருந்தான். ஒருத்தி சொல்லி இவர்கள் படகை இறக்கினார்களாம்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அடங்கினார்கள்.

"பணியின்போது உயிரிழந்தோர்," என்று வாசித்தாள். "தொம்மை கொரைரா, தகப்பன் பெயர் எஸ்தாக்கி கொரைரா."

தொம்மை கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"இருக்கேன்!" என்றார்.

அவள் அடுத்த பெயரை வாசித்தாள். "இருக்கேன்!" என்று ஒரு குரல் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. அடுத்த பெயர். "இருக்கேன்!" ஒவ்வொருவனும் எழுந்து நின்றான். உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். யாரும் இப்போது சிரிக்கவில்லை.

"கஸ்பார் மச்சாது, தகப்பன் பெயர் சவரிமுத்து மச்சாது."

பதில் இல்லை. அவள் இன்னொரு தடவை வாசித்தாள்.

"அவன் அங்க போறான் பாரு," என்று தொம்மை கடல் பக்கம் கையைக் காட்டினார். "செத்ததுக்காக மீன் பிடிப்பை விட முடியுமாங்கான்."

மதிலின் வாயைத் தாண்டி நீலப் படகு போய்க்கொண்டிருந்தது. ஜெசிந்தா காகிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொம்மையின் தோளிலிருந்து துண்டை உருவிக் கரைக்கு ஓடினாள். தலைக்கு மேல் சுழற்றினாள். வைதுகொண்டே சுழற்றினாள்.

கஸ்பார் திரும்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் வாயில் குவித்தான். இஞ்சின் சத்தத்தையும் மீறி அது கேட்டது.

"இருக்கேன்க்கா!"

சொன்னானே தவிர, படகைத் திருப்பவில்லை. ஜெசிந்தா துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த பெயரை வாசிக்க ஏலக்கூடத்துக்குத் திரும்பினாள்.